நாள்வழி பேரேடான வரலாறு

பழைய மளிகைக் கடையிலும் மண்டியிலும் இரண்டு ஏடுகள் இருக்கும். அன்றன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிச் செல்வது நாள்வழி. அதிலிருந்து பிரித்து, ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, அவரவர் பற்றையும் வரவையும் ஏற்றி எழுதுவது பேரேடு. 'இன்று கடையில் என்ன நடந்தது?' என்ற கேள்விக்கு நாள்வழி விடை சொல்லும். 'இந்த ஆள் நம்மிடம் எப்படி நடந்துகொள்கிறார்?' என்ற கேள்விக்குப் பேரேடுதான் விடை சொல்லும். இணையக் கடைகளில் வாடிக்கையாளரின் ஒவ்வோர் அசைவையும் பதிந்து ஆராயும் வலைப் பகுப்பாய்வுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை ஒரு வரியில் சொல்வதானால், நாள்வழி பேரேடாக மாறிய வரலாறு என்று சொல்லலாம்.

பாகாலாவிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. காட்பாடியிலிருந்து வரும் இருப்புப்பாதை திருப்பதிக்கும் தர்மாவரத்துக்குமாகப் பிரிகின்ற சந்திப்பு இது. 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இப்பகுதியின் பெரும்பகுதி வட ஆர்க்காட்டில் இருந்தது; 2022 ஏப்ரல் 4 முதல் பாகாலா திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைக் கோடுகள் நகர்ந்தபோதும் கடைவீதியில் தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்கி வந்துள்ளன. மொழியியல் படித்தவர்களுக்கு இத்தகைய கடைவீதி ஒரு சொற்களஞ்சியம்.

தமிழில் நாள்வழி, பேரேடு என்பவற்றைத் தெலுங்கில் சிட்டா, ஆவர்ஜா என்பார்கள். நிலப் பதிவின் 'பட்டா, சிட்டா' வழியாக இவற்றுள் முதற்சொல்லை நாமும் அறிவோம். தெலுங்கு விக்கிப்பீடியாவில், யார் எந்தப் பக்கத்தை எப்போது நீக்கினார், எப்போது நகர்த்தினார் என்று கணினி தானாகவே எழுதிவைக்கும் பதிவுக்கு வைத்த பெயரும் சிட்டாதான். மொழிபெயர்த்தவர்கள் புதுச்சொல் தேடி அலையாமல், கணினி செய்வதும் கடைக்காரர் செய்வதும் ஒரே வேலை என்று கண்டுகொண்டார்கள்.

இன்னொரு சொல்லும் கவனிக்கத்தக்கது. தெலுங்கில் 'வாடுக' என்றால் வழக்கம், பயன்பாடு. தமிழின் 'வாடிக்கை' ஒலியிலும் பொருளிலும் அதற்கு மிக நெருக்கமானது. அந்த அடியிலிருந்து தெலுங்கு விக்கிப்பீடியா 'வாடுகரி' என்று பயனரைக் குறிக்கிறது. நாமோ வாடிக்கையாளர் என்று, வழக்கமாக வந்து வாங்குபவரைக் குறிக்கிறோம். பயன்படுத்துபவர் ஒருவர், வழக்கமாக வருபவர் மற்றொருவர். முன்னவரைப் பின்னவராக அடையாளம் காண்பதற்கான முயற்சியே இனி நாம் பார்க்கப்போகும் வரலாறு.

1. நாள்வழிக் காலம்

உலகளாவிய வலை 1990களின் தொடக்கத்தில் பரவியபோது அதன் வழங்கிகள் எழுதிய பதிவு முழுக்க முழுக்க நாள்வழியாகவே இருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மீக்கணினி மையத்தில் உருவான வழங்கி மென்பொருள் ஒரு வடிவத்தை நிலைப்படுத்தியது. எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தக் கோப்பு கேட்கப்பட்டது, கேட்டது கிடைத்ததா, எத்தனை பைட்டு அனுப்பப்பட்டது என்பவை ஒரு கோரிக்கைக்கு ஒரு வரியாகப் பதிவாயின. 1995இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் டர்னர் எழுதி வெளியிட்ட 'அனலாக்' போன்ற மென்பொருள்கள் அந்த வரிகளைக் கூட்டி, எந்தப் பக்கம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்று பட்டியலிட்டன.

அந்தப் பட்டியலில் ஆள் இல்லை. ஒரு பக்கத்தில் பத்துப் படங்கள் இருந்தால், ஒருவர் ஒருமுறை திறந்தாலே பதினொரு வரிகள் பதிவாகும். ஓர் அலுவலகத்தார் அனைவரும் ஒரே ஐ.பி. முகவரியின் பின்னால் இருந்தால் நூறு பேரும் ஒருவராகத் தெரிவார்கள். தொலைபேசி வழி இணைப்பில் நாளுக்கொரு முகவரி பெறும் ஒருவர் பலராகத் தெரிவார். இடையில் உள்ள கணினி பக்கத்தின் படியைச் சேமித்து வைத்திருந்து வழங்கினால், வந்தவர் வந்ததே தெரியாது. வலையின் அடிப்படை நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்கு முதல் கோரிக்கை. இப்போது கேட்டவர்தான் ஒரு நிமிடம் முன்பும் கேட்டார் என்பதை அது அறியாது.

நூலகத்துக்கு இந்த மறதி போதும், கடைக்குப் போதாது. கூடையில் ஒரு பொருளை இட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனவரை யாரென்றே தெரியாவிட்டால் அந்தக் கூடை யாருடையது?

2. ஆளுக்கொரு பக்கம்

இந்தக் கேள்விக்கு 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்ட்டுல்லி ஒரு விடை கண்டார். அந்நிறுவனம் எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக ஓர் இணையக் கடை தொடர்பான வேலையைச் செய்துகொண்டிருந்தது. பாதியில் நிற்கும் கொள்முதல் விவரங்களைத் தம் வழங்கியில் சுமக்க எம்.சி.ஐ. விரும்பவில்லை. அப்படியானால் அந்த நினைவை வருபவரின் கணினியிலேயே வைத்துவிடலாம் என்று மான்ட்டுல்லி முடிவு செய்தார். கடை ஒரு சிறு குறிப்பைக் கொடுத்தனுப்பும். அடுத்த முறை வரும்போது உலாவி அதைத் தானே காட்டும். கணினியாளரிடையே முன்பே வழங்கிய ஒரு சொல்லை எடுத்து அதற்குக் 'குக்கீ' என்று பெயரிட்டார்.

நம் ஊர் வழக்கில் இதைக் கடை கொடுக்கும் சீட்டு எனலாம். சீட்டில் பெயர் இராது, ஓர் எண் மட்டும் இருக்கும். அந்த எண் கிடைத்ததும் நாள்வழியின் சிதறிய வரிகளை ஓரிடத்தில் திரட்டிவிடலாம். 'இந்தப் பக்கம் ஆயிரம் முறை கேட்கப்பட்டது' என்றிருந்த பதிவு, 'இந்த எண்ணுக்குரியவர் முதலில் இதைப் பார்த்தார், பிறகு அதைப் பார்த்தார், மூன்றாம் நாள் வந்து வாங்கினார்' என்று மாறியது. பேரேட்டின் முதல் பக்கம் அங்கே திறந்தது.

சீட்டைச் சுமப்பவருக்கு அது தம் பையில் இருப்பது தெரியாது. 1994 இறுதியிலேயே உலாவியில் குக்கீ இடம்பெற்றிருந்தும், 1996 பிப்ரவரியில் ஃபைனான்சியல் டைம்ஸ் நாளேட்டில் கட்டுரை வந்த பிறகே பொதுமக்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினர்.

3. பக்கம் நிலைகொள்ளாதபோது

தொடக்கக்காலக் கடைப் பக்கம் அச்சிட்ட விலைப்பட்டியலைப் போன்றது. யார் திறந்தாலும் ஒன்றே. தரவுத்தளத்திலிருந்து அந்தந்தக் கணத்தில் பக்கத்தைக் கட்டித் தரும் இயங்குநிலைக் கடைகள் வந்ததும் அது மாறியது. ஒரே முகவரியைத் திறக்கும் இருவருக்கு வேறு விலை, வேறு இருப்பு, வேறு பரிந்துரை தெரியலாம். இந்த முகவரி கேட்கப்பட்டது என்ற வரி உண்மையாகவே இருக்கும். ஆனால் கேட்டவர் கண்ணில் பட்டது என்ன என்பதை அது சொல்லாது. ஆகவே வழங்கியின் பதிவை விட்டுவிட்டு, பார்ப்பவரின் திரையிலிருந்தே செய்தி அனுப்பும் முறை வளர்ந்தது. பக்கத்துக்குள் ஒரு சிறு நிரல் துணுக்கு அமர்ந்திருக்கும். பக்கம் திறந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவுப் படத்தைக் கேட்பதுபோல் அது தொலைவிலுள்ள கணக்குப்பிள்ளைக்குச் செய்தி அனுப்பும்.

அந்தக் கணக்குப்பிள்ளைகளுள் ஒன்று சான் டியேகோவின் அர்ச்சின் நிறுவனம். 2005இல் கூகுள் அதை வாங்கி, அவ்வாண்டு நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாக வழங்கியது. சமாளிக்க முடியாத கூட்டம் வந்ததால் சில நாள்களிலேயே புதுப் பதிவை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அர்ச்சின் என்ற பெயர் மறைந்தாலும் தடம் மறையவில்லை. நண்பர் பகிரும் நீண்ட இணைப்பின் வாலில் 'யு.டி.எம்.' என்று தொடங்கும் எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அது 'அர்ச்சின் தடங்காண் கூறு' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். நீங்கள் எந்த வழியாகக் கடைக்கு வந்தீர்கள் என்பதை அது கடைக்குச் சொல்கிறது.

அதே 2005இல், பக்கத்தை முழுதாக மீண்டும் ஏற்றாமல் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் நுட்பத்துக்கு 'ஏஜாக்ஸ்' என்ற பெயர் வழங்கலாயிற்று. நிறத்தை மாற்றிப் பார்ப்பது, அளவைத் தேர்வது, கூடையில் இடுவது எல்லாம் ஒரே பக்கத்துக்குள் நடந்துமுடிந்தன. இனிப் பக்கத்தை எண்ணிப் பயனில்லை. செயலைத்தான் எண்ண வேண்டும். பொருளைப் பார்த்தல், கூடையில் இடுதல், பணம் கட்டத் தொடங்குதல், வாங்குதல் என ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வாயிற்று. 2020 அக்டோபரில் கூகுள் அறிவித்த நான்காம் தலைமுறைக் கருவி முழுவதும் நிகழ்வை அலகாகக் கொண்டது. பழைய முறை 2023 ஜூலை 1 முதல் தரவு சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது.

4. ஏட்டில் ஏறாத சொற்கள்

எந்தப் பேரேடும் நடந்ததை அப்படியே எழுதுவதில்லை. தன் பத்திகளுக்குள் அடங்குவதை எழுதுகிறது. 'வருகை' என்பதையே எடுத்துக்கொள்வோம். இக்கருவிகளின் பொது வழக்கப்படி முப்பது நிமிடம் அசைவில்லாவிட்டால் ஒரு வருகை முடிந்துவிடும். புடைவையைக் கூடையில் இட்டுவிட்டு, அடுப்பில் வைத்த சோற்றை வடித்து, பிள்ளைக்கு ஊட்டி, நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பும் பெண் கணக்கில் இரண்டு முறை வந்தவர். முதல் வருகை எதையும் வாங்காத வருகை.

அந்தப் பெண் திரும்பாவிட்டால் அக்கூடைக்குக் 'கைவிடப்பட்ட கூடை' என்று பெயர். நம் கடைவீதியில் பொருளை எடுத்துப் பார்த்துவிட்டு 'அப்புறம் வருகிறேன்' என்று சொல்வது ஒரு நாகரிகம். அதற்கு விலை கட்டவில்லை, பிடிக்கவில்லை, வீட்டில் கேட்க வேண்டும், மெய்யாகவே நாளை வருவேன் என்று பல பொருள் உண்டு. எது பொருள் என்பதைக் கடைக்காரர் குரலிலிருந்து அறிவார். கருவிக்கு அந்த வாக்கியம் எட்டுவதே இல்லை; எட்டுவது மௌனம் மட்டுமே. அந்த மௌனத்துக்குக் 'கைவிடல்' என்று பெயர் சூட்டி, மறுநாள் அவர் பார்க்கும் இடமெல்லாம் அதே புடைவையின் படத்தைக் காட்டுகிறது.

இந்தியச் சந்தை இந்தக் கணக்குக்கு வேறொரு சிக்கலையும் சேர்த்தது. 2007 அக்டோபரில் பெங்களூரில் ஃபிளிப்கார்ட் தொடங்கியது. அதன் முதல் வாடிக்கையாளர் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மஹபூப்நகரிலிருந்து ஒரு நூலை வாங்கினார். 2010இல் அந்நிறுவனம் பொருள் வந்தபின் பணம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. கடன் அட்டை இல்லாத சிற்றூர்களுக்கு இணையக் கடை திறந்தது அப்போதுதான். ஆனால் திரையில் 'வாங்குதல்' என்ற நிகழ்வு பதிவாகியும், வாசலில் பொருளைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று திருப்பி அனுப்பலாம். நிகழ்வேட்டில் விற்பனை, கிடங்கில் பொருள். நம் மக்கள் கையில் எடுத்துப் பார்க்கும் உரிமையை வாசல்வரை தள்ளிவைத்துக்கொண்டார்கள்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு கைப்பேசி என்பதும் நம் நிலை. தாத்தாவின் மருந்து, அம்மாவின் பாத்திரம், பள்ளிப் பிள்ளையின் விளையாட்டுப் பொருள் எல்லாம் ஒரே எண்ணின் கீழ் விழுகின்றன. பழைய பேரேட்டிலும் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம்தான். ஆனால் அது வீட்டின் பக்கம் என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

5. ஏட்டைப் பார்க்கும் உரிமை

பழைய பேரேட்டைப் பொற்காலமாக வரைவது என் நோக்கமன்று. எழுத்தறியாதவரின் கைநாட்டை வாங்கிக்கொண்டு வட்டியை ஏற்றி எழுதிய ஏடுகள் எத்தனையோ தலைமுறைகளை நசுக்கியிருக்கின்றன. ஆயினும் மூன்று செய்திகளில் அது தெளிவாக இருந்தது. பக்கம் இருப்பது அப்பக்கத்துக்குரியவருக்குத் தெரியும். 'என் கணக்கைக் காட்டுங்கள்' என்று கேட்கவும் வழக்காடவும் முடியும். சித்திரையிலோ ஆயுத பூசையிலோ தீபாவளியிலோ புதுக்கணக்கு என்ற ஒன்று வரும்.

புதிய பேரேட்டில் இம்மூன்றும் குலைந்தன. பல கடைகளின் பக்கங்களில் ஒரே விளம்பர நிறுவனத்தின் துணுக்கு அமர்ந்திருந்தால், அந்நிறுவனத்திடம் எல்லாக் கடைகளுக்கும் பொதுவான ஒரு பேரேடு உருவாகிவிடும். மளிகைக் கடையின் ஏடு துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போய்வருவதைப் போன்றது இது. தீங்கு முன்பே உணரப்பட்டது. 1997 பிப்ரவரியில் டேவிட் கிரிஸ்டலும் மான்ட்டுல்லியும் எழுதிய குக்கீ நெறிமுறை ஆவணம், இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கீகளை இயல்புநிலையில் அனுமதிக்கலாகாது என்றது. முன்னணி உலாவிகள் அதைப் பின்பற்றவில்லை. 1999இல் டபிள்கிளிக் என்ற விளம்பர நிறுவனம், அஞ்சல்வழி வாங்குவோரின் பெயர், முகவரிகளைத் திரட்டி வைத்திருந்த அபாகஸ் டைரக்டை வாங்கியது; எண்ணையும் பெயரையும் இணைக்கத் திட்டமிட்டு, எதிர்ப்பு எழவே 2000இல் அதை நிறுத்திவைத்தது. அந்த டபிள்கிளிக்கைக் கூகுள் 2008இல் தன்னுடையதாக்கிக்கொண்டது.

புதுக்கணக்கும் தள்ளிப்போயிற்று. கூகுளின் குக்கீ ஒரு காலத்தில் 2038வரை உயிருள்ளதாக இருந்தது. கண்டனங்களுக்குப் பிறகு 2007இல்தான் அதை இரண்டு ஆண்டாகக் குறைப்பதாக அறிவித்தது.

வேறு வழியில் கடை நடத்த முடியாதா? பாகாலாவிலிருந்து திருப்பதியைக் கடந்தால் ரேணிகுண்டா. சென்னையில் வேர்கொண்ட ஜோஹோ நிறுவனத்துக்கு அங்கே ஓர் அலுவலகம் உண்டு. 2020இல் அந்நிறுவனம் தன் தளங்களிலிருந்து பிறருடைய தடங்காண் துணுக்குகளை நீக்கிவிட்டதாகச் சொன்னது. அதுவும் வலைப் பகுப்பாய்வுக் கருவி விற்கும் நிறுவனந்தான். கடைக்காரர் தம் கடையின் ஏட்டைத் தாமே வைத்திருப்பது வேறு, ஊர்க்கடைகளின் ஏடெல்லாம் ஒருவர் வீட்டில் குவிவது வேறு என்ற வேறுபாட்டை இந்த முடிவு தெளிவாக்குகிறது. பாகாலா மண்டலத்தின் தாமலச்செருவு மாங்காய் மண்டியின் வணிகர் ஒருவர் நாளை இணையத்தில் கூடை மாம்பழம் விற்க நினைத்தால், எந்த ஊரார் எந்த வகையைக் கேட்கிறார்கள், எந்தக் கட்டத்தில் திரும்பிப்போகிறார்கள் என்று அறிய வேண்டியது நியாயமே. சில வாரங்களே நீடிக்கும் பருவத்தில் அந்த அறிவு இல்லாவிட்டால் பழம் அழுகும். அதற்கு அவர் ஊர் முழுவதையும் பின்தொடர வேண்டியதில்லை.

6. எந்த மொழியில் ஒப்புதல்?

2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தது. 2023 ஆகஸ்டில் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மைக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. கடைவீதிச் சொற்களில் சொன்னால் இச்சட்டம் பழைய மூன்று செய்திகளையும் மீட்க முயல்கிறது. பக்கம் திறக்கும்முன் சொல்ல வேண்டும். ஒப்புதல் பெற வேண்டும். கேட்டால் கணக்கைக் காட்ட வேண்டும். பிழையிருந்தால் திருத்த வேண்டும். தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும். இரண்டு கோடிக்குக் குறையாத பதிவுபெற்ற பயனர்களைக் கொண்ட இணைய வணிக நிறுவனங்கள், மூன்று ஆண்டு எட்டிப்பார்க்காதவரின் தரவைப் பொதுவாக நீக்கிவிட வேண்டும் என்கின்றன விதிகள். மூன்று ஆண்டுக்கொரு புதுக்கணக்கு! பதினெட்டு வயது நிரம்பாதோரின் நடத்தையைப் பின்தொடர்வதற்கும் சட்டத்தில் தடை உண்டு. வீட்டுக்கொரு கைப்பேசி உள்ள நாட்டில் அதை எப்படிக் கடைப்பிடிப்பார்கள் என்பது பெரிய கேள்வி.

மொழி மாணவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்றும் சட்டத்துக்குள் இருக்கிறது. அறிவிப்பையும் ஒப்புதல் வேண்டுகோளையும் ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழும் தெலுங்கும் அவற்றுள் அடங்கும். இது சிறிய வெற்றியன்று. ஆனால் 'பயனர் அனுபவ மேம்பாட்டின் பொருட்டுக் குக்கீகள் மற்றும் ஒத்த தொழில்நுட்பங்கள் பயன்படுத்தப்படுகின்றன' என்ற பாணியில் ஒரு வாக்கியத்தைப் பெயர்த்து ஒட்டிவிட்டால் விதி நிறைவேறிவிடும். பொருள் யாருக்கும் சேராது. கைநாட்டு வைத்தவருக்கு ஏடு எழுத்தால் மறைந்தது. பட்டம் பெற்றவருக்கும் இன்று அது மொழிநடையால் மறைகிறது.

இப்படி எழுதினால் போதும்: 'எங்கள் கடையில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எதைக் கூடையில் போட்டீர்கள், எதை வாங்கினீர்கள் என்று எழுதிவைப்போம். இன்ன நிறுவனத்துக்கு அதைக் கொடுப்போம். இத்தனை மாதம் வைத்திருப்போம். உங்கள் கணக்கைக் காட்டச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். வேண்டாம் என்றாலும் பொருள் வாங்கலாம்.' ஐந்து வரி. மண்டிக்கு வருகிற எவருக்கும் புரியும்.

இத்தகைய அறிவிப்புகளை எழுத வேண்டிய சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நாள்வழி, பேரேடு, பற்று, வரவு, புதுக்கணக்கு, சிட்டா, ஆவர்ஜா என்று கடைகளில் தலைமுறைகளாகப் புழங்கியவை அவை. உங்கள் ஊர்க் கடைகளில், மண்டிகளில், நெசவுக் கூடங்களில் கணக்கேடுகளுக்கு வழங்கிய பெயர்களை, அவை எழுதப்பட்ட முறையோடு பின்னூட்டத்தில் குறிப்பிடுங்கள். 18 மாத அவகாசம் முடிவதற்குள் அறிவிப்பு எழுதப்போகிறவர்களின் கையில் ஒரு நல்ல சொற்பட்டியலாவது இருக்கட்டும்.